தட்டிப் பாருங்கள், கல்லும் பாடும்!

கோயில் மண்டபத்தில் இசைத்தூண் ஒன்று நின்றால் அதன் அருகே போகிறவர்களின் கை சும்மா இருப்பதில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலாகட்டும், நெல்லையப்பர் கோயிலாகட்டும், சுசீந்திரமாகட்டும், விரல் முட்டியால் ஒரு தட்டு, காதைத் தூணோடு ஒட்டிவைத்து ஒரு கேள்வி, பிறகு பக்கத்துத் தூணில் மற்றொரு தட்டு. இப்படியே தலைமுறை தலைமுறையாகப் பல ஆயிரம் கைகள் பட்டதில் சிறு தூண்கள் வழவழவென்று தேய்ந்திருப்பதைக் காணலாம். சிலர் விரல் போதாதென்று நாணயத்தால் தட்டுவார்கள். கல்லால் தட்டுவாரும் உண்டு. அதனால்தான் ஹம்பியில் விட்டலர் கோயில் தூண்களைத் தட்டக்கூடாது என்று தடை விதித்துவிட்டார்கள். தடை நியாயமானதே. ஒருமுறை விரிசல் விட்ட கல்லை எந்தச் சிற்பியாலும் மறுபடி பாடவைக்க முடியாது.

ஆனால் இதில் ஓர் இழப்பும் இருக்கிறது. “கல் எப்படிப் பாடும்?” என்று கேட்கும் ஒரு சிறுமிக்கு, தட்டிக் காட்டாமல் எப்படி விடை சொல்வது? ஓவியத்தைக் கண்ணால் பார்த்து மகிழலாம். தட்டாத இசைத்தூணோ வெறும் தூணாகவே நிற்கும். பழையதைக் காக்கவும் வேண்டும், குழந்தையின் கையைக் கட்டவும் கூடாது என்றால் ஒரு வழிதான் உண்டு. தட்டுவதற்கென்றே புதியவற்றைச் செய்து வைக்கவேண்டும்.

அப்படிச் செய்து வைத்திருக்கும் இடம் ஒன்று புதுச்சேரிக்கு அருகே இருக்கிறது. நகரத்திலிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 இல் தொடங்கப்பட்ட இந்தச் சர்வதேச நகரின் நிலப்பரப்பில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், அங்கே போகிற எல்லாரும் புதுவைக்குப் போவதாகவே சொல்கிறார்கள். ஆரோவிலில் கோட்டக்கரைப் பக்கம் ‘ஸ்வரம்’ என்ற இசைக்கருவிப் பட்டறை 2003 முதல் இயங்கி வருகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுக்க ஏற்பட்டது அது. மரம், மூங்கில், உலோகம், கல், களிமண் என்று ஒலிக்கக்கூடிய எதையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. பட்டறையோடு சேர்ந்து ஓர் ஒலித் தோட்டமும் உண்டு. இங்கே ‘தொடாதே’ என்பதற்கு இடமில்லை. சங்கீதம் தெரிந்திருக்கவேண்டும் என்பதுமில்லை. (போகுமுன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வெயில் தாழ்ந்த நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. உச்சி வெயிலில் உலோகக் குழாயைப் பிடித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.)

குடும்பத்தோடு போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். சிறுவர்கள் முதல் ஐந்து நிமிடம் கண்ணில் பட்டதையெல்லாம் ஓங்கி அடிப்பார்கள். பெரியவர்கள் முதலில் கைகட்டி நிற்பார்கள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மெல்ல ஒரு தட்டு தட்டுவார்கள். பதினைந்து நிமிடம் கழிந்தபின் இரு தரப்பும் இடம் மாறியிருக்கும்! எங்கள் வீட்டுக் கடைக்குட்டி அங்கே தானாகவே கண்டுபிடித்த முதல் விதி இது: எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சுரம் மாறுவதில்லை, சத்தம்தான் கூடுகிறது. வீச்சு வேறு, அதிர்வெண் வேறு என்று நாம் பள்ளியில் ஒரு வாரம் படித்த பாடம் இதுதான்.

பாதிக் குழாய் செய்த குறும்பு

வரிசையாகத் தொங்கும் உலோகக் குழாய்களிலிருந்து தொடங்குவோம். நீளமானது கனத்த குரலில் ஒலிக்கிறது, குட்டையானது கீச்சென்று ஒலிக்கிறது. இதில் புதுமை ஒன்றுமில்லை. வீணைத் தந்தியைப் பாதியில் அழுத்தினால் அதிர்வெண் இருமடங்காகி மேல் ஸ்தாயி ஸட்ஜம் வருகிறது. புல்லாங்குழலிலும் காற்றுத்தம்பத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ அப்படியே. ஆகவே குழாயையும் பாதியாக வெட்டினால் மேல் ஸட்ஜம் வரவேண்டும் அல்லவா?

வராது. ஒரு ஸ்தாயி அல்ல, இரண்டு ஸ்தாயி மேலே போய்விடும்! அதாவது அதிர்வெண் நான்கு மடங்காகிவிடும்.

காரணம், தட்டும்போது ஒலிப்பது குழாய்க்குள் இருக்கும் காற்று அல்ல. குழாயே வில்போல வளைந்து வளைந்து நிமிர்கிறது. தந்திக்கு விறைப்பைக் கொடுப்பது அதை இழுத்துக் கட்டியிருக்கும் முறுக்கு. குழாயை யாரும் இழுத்துக் கட்டவில்லை. வளைத்தால் நிமிர்ந்துகொள்ளும் அதன் சொந்த மீள்திறன்தான் அங்கே வேலை செய்கிறது. ஒரு மூங்கில் கழியை இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். அதே கழியைப் பாதியாக ஒடித்துவிட்டு ஒரு துண்டை வளைக்க முயலுங்கள். இருமடங்கு அல்ல, எட்டு மடங்கு கடினமாக இருக்கும். துண்டின் நிறையோ பாதியாகிவிட்டது. அதிர்வெண் என்பது விறைப்பை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்த அளவுக்கேற்ப மாறும் என்பது நாம் அறிந்ததே. எட்டைப் பாதியால் வகுத்தால் பதினாறு. பதினாறின் வர்க்கமூலம் நான்கு. கணக்கு சரியாகிவிட்டது.

வகுப்பறையில் இதைச் சோதிக்க ஓர் எஃகு அளவுகோல் போதும். மேசை விளிம்புக்கு வெளியே 20 செ.மீ. நீட்டி, மறு பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைச் சுண்டுங்கள். பிறகு 10 செ.மீ. மட்டும் நீட்டிச் சுண்டுங்கள். குரல் எவ்வளவு தூரம் தாவுகிறது என்பது காதுக்கே தெரியும்.

அப்படியானால் சரியாக ஒரே ஸ்தாயி உயர்த்த எவ்வளவு வெட்டவேண்டும்? நீளத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100 செ.மீ. குழாய்க்கு மேல் ஸட்ஜம் 70.7 செ.மீ. குழாய். பஞ்சமத்தின் அதிர்வெண் ஸட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு. எனவே ஒன்றரையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 81.6 செ.மீ. தொங்கும் குழாய்களின் அடி நுனிகளை ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால் அந்தக் கோடு ஏன் மெதுவாக ஏறுகிறது என்பது இப்போது விளங்கும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குழாய்கள் நுனியில் கட்டித் தொங்கவிடப்படுவதில்லை. சற்று உள்ளே தள்ளித் துளையிட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். குழாய் வளையும்போது நடுப்பகுதி ஒரு பக்கம் போனால் இரு நுனிகளும் எதிர்ப்பக்கம் போகின்றன. ஆகவே இடையில் இரண்டு இடங்கள் அசையாமல் நிற்கவேண்டும். அவையே கணுக்கள். ஒவ்வொரு நுனியிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் கணு அமைகிறது. அங்கே பிடித்தால் ஒலிக்குத் தடையில்லை. நடுவில் பிடித்தாலோ ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி. தண்டவாளத் துண்டை மணியாகத் தொங்கவிட்டிருக்கும் பள்ளிகளில், கட்டிய இடத்தை அளந்து பார்க்கலாம். நன்றாக முழங்கும் மணியாக இருந்தால், அதைக் கட்டியவர் பௌதிகம் படித்திராவிட்டாலும் கணுவுக்குப் பக்கத்தில்தான் கட்டியிருப்பார்.

மணி போன்ற அந்த ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கான மேற்சுரங்கள் எழும். முழு எண்கள், அதனால் ஒன்றோடொன்று கலந்து ஒரே குரலாகக் கேட்கும். குழாயிலோ மேற்சுரங்கள் 2.76 மடங்கு, 5.40 மடங்கு, 8.93 மடங்கு என்று வருகின்றன. இவை ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே மினுங்குகின்றன. கோயில் மணியின் குரலும் வீணையின் குரலும் ஒரே சுருதியில் இருந்தாலும் வேறு வேறாகத் தெரிவதற்கு இத்தகைய வேறுபாடே முக்கியமான காரணம்.

தோலால் மூடிய கருவிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. வட்டமான தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30 என்று முழு எண்ணுக்கு அடங்காதவை. ஆனால் மிருதங்கத்தில் சுருதி துல்லியமாகக் கேட்கிறதே! இதை ஆராய்ந்து 1920 இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் நம் சி. வி. ராமன், சிவகாளி குமார் அவருடன் சேர்ந்து எழுதினார். வலந்தலையின் நடுவே பூசும் கரணைதான் இரகசியம். நடுவில் எடையைக் கூட்டி, ஓரத்தை நோக்கி மெல்ல மெல்லக் குறைத்துப் பூசும்போது மேற்சுரங்கள் 2, 3, 4, 5 என்ற முழு எண்களுக்கு அருகே வந்துவிடுகின்றன. ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு பெற்றவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோல் கருவிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். பெயர் தெரியாத மிருதங்கத் தொழிலாளர்கள் காதையே கருவியாகக் கொண்டு கண்டுபிடித்ததை அவர் கணக்கில் கண்டு வியந்தார்.

கையை நனைத்துக்கொண்டு கல்லைத் தேயுங்கள்

‘ஸ்வரம்’ செய்யும் கருவிகளில் எல்லாரையும் நிறுத்திவிடுவது பாடும் கல். ஒரு கருங்கல் பாளம். அதன் மேற்புறத்தில் இணையாக ஆழமான வெட்டுகள். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கல்லின் மேல் மெதுவாகத் தேய்க்கவேண்டும். முதலில் ஒன்றும் நிகழாது. அழுத்தத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே தேய்த்தால் திடீரென்று கல்லின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு நீண்ட முழக்கம் எழும். அதைக் கேட்டுக் கையை எடுத்துவிடாதவர்கள் குறைவு! இத்தகைய கல்லை 1970களில் முதன்முதலாக உருவாக்கியவர் எல்மர் டௌஹர் என்னும் ஜெர்மானியச் சிற்பி. அவர் சிற்பியாகவே தொடங்கி, கல்லை வெட்டும்போது எழுந்த ஒலியில் மனத்தைப் பறிகொடுத்தவர்.

தட்டாமல், தேய்ப்பதாலேயே எப்படி ஒலி பிறக்கிறது? எண்ணெய் காணாத கதவுக் கீலை நினைத்துக்கொள்ளுங்கள். கை கல்லைப் பற்றி இழுக்கிறது. கல்லின் மெல்லிய தகடு சிறிது வளைந்து கொடுக்கிறது. ஓர் அளவுக்கு மேல் பிடி நழுவித் தகடு துள்ளித் திரும்புகிறது. மறுகணம் கை மீண்டும் பற்றுகிறது. பற்றுவதும் நழுவுவதுமாக இது விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. தகட்டின் இயற்கை அதிர்வெண்ணோடு இந்தப் பற்று நழுவல் இணங்கிவிட்டால் கல் பாடத் தொடங்குகிறது. வயலின் வில் தந்தியின்மேல் செய்வதும் இதுவே. அங்கே பிடிப்பைத் தருவது குங்கிலியம், இங்கே தண்ணீர். உலர்ந்த கையில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கழுவி, பிடிப்பை வேண்டிய அளவுக்குக் கொண்டுவருவது தண்ணீரின் வேலை. சோப்புக் கையோடு முயன்றால் கல் மௌன விரதம் பூண்டுவிடும்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு பிரெஞ்சு உறவும் சொல்லலாம். பெர்னார் பாஷே, ஃபிரான்சுவா பாஷே என்ற இரு பிரெஞ்சுச் சகோதரர்கள் 1952 இல் ஒரு கருவி செய்தார்கள். கண்ணாடிக் கோல்களை நனைந்த விரலால் வருடினால் அவற்றோடு பொருத்திய உலோகத் தகடுகள் முழங்கும். ‘ஒலிக்கும் அமைப்புகள்’ என்று அவர்கள் பெயரிட்ட சிற்பங்களைக் கண்காட்சிகளில் வைத்து, வருகிறவர்களையே வாசிக்கச் சொன்னார்கள். ஓவியக் கூடம் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் இடம் என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான செயல்தான்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க மெல்லிய கண்ணாடித் தம்ளர் ஒன்று போதும். அடியில் காம்பு உள்ள கோப்பையானால் மிகவும் நல்லது. அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நனைந்த விரலை விளிம்பில் சுற்றிச் சுற்றி ஓட்டுங்கள். குரல் எழுந்ததும் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். குரல் தாழும். ஜலதரங்கம் வாசிப்பவர் சுருதி கூட்டப் பீங்கான் கிண்ணத்திலிருந்து நீரை எடுப்பதும், குறைக்க நீரை வார்ப்பதும் இதனால்தான். ஆனால் ஒரு பாட்டிலின் வாயில் ஊதி ஒலி எழுப்பிவிட்டு அதில் தண்ணீர் ஊற்றுங்கள். குரல் தாழ்வதற்குப் பதில் ஏறும்! ஒரே தண்ணீர் இரண்டு இடத்தில் நேர்மாறாக நடந்துகொள்வானேன்? கிண்ணத்தில் அதிர்வது சுவர். தண்ணீர் அதற்குக் கூடுதல் சுமை, அதனால் மெதுவாக அதிர்கிறது. பாட்டிலில் அதிர்வது உள்ளிருக்கும் காற்று. தண்ணீர் அதன் இடத்தைக் குறைக்கிறது, அதனால் வேகமாக அதிர்கிறது. அதே பாட்டிலைக் கரண்டியால் தட்டினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே செய்து பார்த்துக்கொள்ளலாம்.

தூணுக்குள் என்ன இருக்கிறது?

இனி கோயில் தூணுக்குத் திரும்புவோம். இசைத்தூண்கள் உள்ளே குழாய்போலக் குடையப்பட்டவை என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக உலவி வருகிறது. வழிகாட்டிகள் பலர் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். உடைத்துப் பார்க்காமல் உண்மையை அறிவது எப்படி? புதுவைக்கு வடக்கே அதே கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது அல்லவா? அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலார், அணு உலையின் உறுப்புகளைச் சிதைக்காமல் சோதிப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் ஹம்பி விட்டலர் கோயில் தூண்களை மீயொலி கொண்டும், தட்டி எழும் ஒலியைப் பதிவு செய்து பகுத்தும் ஆராய்ந்தார்கள். 2008 இல் வெளியான அந்த ஆய்வின்படி தூண்கள் உள்ளே கெட்டியான முழுக் கற்களே. ஒலி பிறப்பது தூண் வளைந்து அதிர்வதனால்தான். தோட்டத்துக் குழாயும் அப்படித்தான் வளைந்து அதிர்கிறது என்பதைப் பார்த்தோம்.

ஒரு வேறுபாடு உண்டு. குழாயின் நுனிகள் தளையின்றித் தொங்குகின்றன. தூணின் இரு முனைகளும் பீடத்தோடும் போதிகையோடும் ஒரே கல்லாக இறுகியிருக்கின்றன. இரண்டும் வேறு வேறு சுரம் தரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது: ஒரே பொருளால், ஒரே அளவில் செய்த இரண்டு தண்டுகளில், ஒன்றின் இரு முனைகளையும் முற்றிலும் இறுக்கினாலும், மற்றொன்றின் இரு முனைகளையும் முற்றிலும் விட்டுவிட்டாலும் அதிர்வெண் ஒன்றே! அசையும் கோலம் மட்டும் மாறுகிறது.

தூணைச் செதுக்கிய சிற்பிக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே மண்டபத்தில் எல்லாத் தூண்களும் ஒரே உயரம். நீளத்தை மாற்றிச் சுரம் கூட்ட வழியில்லை. பருமனை மாற்றலாம். தந்தியில் பருமன் கூடினால் சுரம் தாழும். வளைந்து அதிரும் தண்டில் நேர்மாறு: பருமன் கூடினால் விறைப்பு மிகவும் கூடிவிடுவதால் சுரம் ஏறும். ஆகவே சுரத்தைத் தாழ்த்த வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் செதுக்கி மெலிவிக்கலாம். செதுக்கியதை மறுபடி ஒட்ட முடியாது. ஓர் உளி அளவுக்கு மீறினால் தூணே வீண். அக் கைகளுக்கு நாம் வணங்கவேண்டியது இந்த இடத்தில்தான்.

எல்லாக் கல்லும் இப்படிப் பாடாது. கருங்கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற கனிமப் படிகங்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கின்றன. அதிர்வு இடையில் சிதைந்து வெப்பமாக மாறாமல் நெடுநேரம் நிற்கிறது. நுண்ணிய விரிசல் இருந்தாலும் போதும், விரிசலின் இரு பக்கமும் உராய்ந்து அதிர்வைத் தின்றுவிடும். சந்தையில் சட்டி வாங்குகிற அம்மா அதைத் தட்டிப் பார்ப்பதும், இரயில் நின்றவுடன் சுத்தியோடு ஓர் ஊழியர் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போனதும் இந்த நுட்பம் அறிந்துதான். நம் சிற்பிகள் கல்லைத் தட்டி அதன் ஒலியைக் கொண்டு ஆண் கல், பெண் கல் என்று பிரித்த வழக்கமும் இதன் பாற்பட்டதே. கல்பாக்கத்துக் கருவிகள் செய்ததும் அடிப்படையில் அந்தச் சட்டிச் சோதனைதான் என்று சொன்னால் அறிவியலார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கல்லில் இசை காணும் பழக்கம் கோயில்களுக்கு மிகவும் முற்பட்டது. கர்நாடகத்தில் பல்லாரிக்கு அருகே குப்கல் என்ற ஊரின் மலைமேல், அடித்தால் மணிபோல ஒலிக்கும் பாறைகள் இருக்கின்றன. புதிய கற்கால மக்கள் அடித்து அடித்து உண்டான குழிகள் அவற்றில் பதிந்துள்ளன. வியட்நாமில் 1949 இல் சாலை போடத் தோண்டியபோது செதுக்கிய நீண்ட கற்கள் சில கிடைத்தன. ஜார்ஜ் கோந்தோமினாஸ் என்ற பிரெஞ்சு மானிடவியலார் அவை ஒலிக்கும் கற்கள் என்று கண்டு பாரிஸுக்கு அனுப்பினார். கருவி செய்யும் ஆசையில் மனிதன் முதலில் தட்டிப் பார்த்தது காலடியில் கிடந்த கல்லைத்தான் போலும்.

காதால் மட்டுமா கேட்கிறோம்?

பாடும் கல்லின்மேல் கை வைத்திருப்பவருக்கும் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் ஒரே அனுபவம் கிடைப்பதில்லை. நம் தோலில் அதிர்ச்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. விநாடிக்கு 250 அதிர்வுகள் அளவில் அவற்றின் கூருணர்வு உச்சத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கு அருகே போகும்போது மங்கிவிடுகிறது. ஒலித் தோட்டத்தின் தாழ்ந்த சுரங்கள் பலவும் இந்த எல்லைக்குள் அடங்குபவை. ஆகவே காது கேளாத ஒரு குழந்தை இங்கே வெறும் பார்வையாளர் அல்ல. உள்ளங்கையும் பாதமும் வழியாகத் தாளத்தை முழுமையாகவும், சுர வேறுபாட்டை ஓரளவும் அக் குழந்தையால் அறிய முடியும். இளமையிலேயே செவித்திறனை இழந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி எவலின் கிளெனி, வெறுங்காலோடு மேடையில் நின்று வாசித்து உலகப் புகழ் பெற்ற தாளக் கலைஞராக விளங்குகிறார். கேள்விக் குறைவுள்ள பிள்ளைகளின் பெற்றோர், ‘இசையும் இவனும் எங்கே’ என்று அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. முதலில் அழைத்துப்போக வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

கேட்கும் காதுகளுக்கு வேறொரு விளையாட்டு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தின் நடுவே நில்லுங்கள். வலப்பக்கம் ஒரு மணி, பின்னால் ஒரு கட்டை, சற்றுத் தொலைவில் ஒரு முழக்கம். எது எங்கே என்று தலையைத் திருப்பாமலே சொல்லிவிடலாம். ஒலி வலக் காதை அடைந்தபின் இடக் காதை அடைய எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம், மிக அதிகமாகப் போனாலும், ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த அற்பக் கால வேறுபாட்டை மூளை அளந்து திசை சொல்கிறது. ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கேட்கும் பாட்டுக்கும், ஒலிகளின் நடுவே நிற்பதற்கும் உள்ள வேற்றுமையில் பெரும்பங்கு இதில் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய ஒலிகளால் இன்ன நோய் தீரும், இன்ன சுரம் இன்ன உறுப்பைக் குணப்படுத்தும் என்று சொல்பவர்கள் பெருகி வருகிறார்கள். இனிய ஒலியின் நடுவே அரைமணி படுத்திருந்தால் மனம் அமைதியுறும், உடல் தளரும், இதில் ஐயமில்லை. அதற்கு மேல் நோய்க்கு மருந்தென்று சொல்வதற்குப் போதிய சான்று கிடையாது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை நிறுத்திவிட்டு யாரும் கல்லைத் தேய்க்கப் போகவேண்டாம்.

தொட்டுப் பார்த்துக் கற்கும் கூடங்கள் உலகெங்கும் பெருகியதற்கு ஒரு பௌதிக அறிஞரின் துன்பம் காரணமாயிற்று. அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவரான ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்க் ஓப்பன்ஹைமரும் பௌதிக அறிஞரே. அமெரிக்க அரசியல் சுழலில் 1949 இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்து கொலராடோவில் மாடு வளர்த்தார். பின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். பழைய சாமான்களைக் கொண்டு மாணவர்களைச் சோதனை செய்யவைத்த அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1969 இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் திறந்த ‘எக்ஸ்ப்ளோரடோரியம்’. அங்கே ஓவியர்களும் சிற்பிகளும் அறிவியலாரோடு சேர்ந்தே காட்சிப் பொருள்களைச் செய்தார்கள். நம் அறிவியல் மையங்களிலும் அதன் சாயல் உண்டு. புதுச்சேரி இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நேரம் கிடைத்தால் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் கேள்வி கேட்டே துளைத்துவிடுவார்கள்.

வீட்டுக் கொல்லையில் ஓர் ஒலித் தோட்டம்

ஆரோவிலுக்குப் போக இயலாதவர்கள் இரும்புக் கடைக்குப் போகலாம். முக்கால் அங்குல ஜி.ஐ. தண்ணீர்க் குழாய் ஆறு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். அதில் ஒரே ஒரு குழாய் போதும். சங்கராபரணத்தின் எட்டுச் சுரங்களும் வந்துவிடும். ஸட்ஜத்துக்கு 80 செ.மீ. அடுத்து வரிசையாக ரி 75.4, க 71.6, ம 69.3, ப 65.3, த 62, நி 58.4, மேல் ஸ 56.6 செ.மீ. வெட்டும்போது ஒவ்வொன்றையும் ஒரு மில்லிமீட்டர் கூட்டியே வெட்டி, பிறகு அரத்தால் அராவிச் சுருதி சேர்க்கவேண்டும். குறைத்து வெட்டினால் ஏறிய சுரத்தை இறக்குவது கடினம். ஸட்ஜக் குழாயின் அடிப்படை அதிர்வெண் விநாடிக்கு 240 அளவில் அமையும்.

துளை போடவேண்டிய இடம், நீளத்தை 0.224 ஆல் பெருக்கக் கிடைக்கும். 80 செ.மீ. குழாய்க்கு நுனியிலிருந்து 17.9 செ.மீ. துளையின் உள்விளிம்பை அராவிவிட்டால் நைலான் கயிறு அறுந்துபோகாது. மரக்கிளையில் தொங்கவிட்டு, குழாயின் நடுப்பகுதியில் மரக் கோலால் தட்டவேண்டும். கோலின் முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் மேற்சுரங்கள் அடங்கிக் குரல் மென்மையாகும். சுற்றாமல் தட்டினால் மணியோசை மிகும். இரண்டையும் கேட்டுப் பார்த்து வேண்டியதை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் குழாயோடு காதை ஒட்டிவைத்திருக்கும்போது மற்றவர் ஓங்கி அடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் அருகே இருக்கவேண்டும்.

எட்டும் வெட்டியபின் ஏறத்தாழ 60 செ.மீ. துண்டு மிஞ்சும். அதை எறிந்துவிட வேண்டாம். இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, பிடிக்கும் இடத்தை நுனியிலிருந்து உள்ளே நகர்த்திக்கொண்டே தட்டிப் பாருங்கள். 13 செ.மீ. தாண்டியதும் ஓரிடத்தில் குழாய் சட்டென்று வாய் திறக்கும்.